பிடிப்பு மிகுந்த டயர்களும் மறைந்துபோகும் பிழைகளும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்னையை அடுத்த இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்திலும், கோயம்புத்தூரை அடுத்த செட்டிப்பாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வேயிலும், பந்தயம் இல்லாத நாள்களில் கட்டணம் செலுத்திச் சொந்த மோட்டார் சைக்கிளை ஓட்டிப் பழகும் 'டிராக் டே' வழக்கம் பரவியிருப்பதைத் தங்கள் வாசகர்களில் பலர் அறிந்திருப்பார்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் வேகம் காட்டிக்கொண்டிருந்த இளைஞர்கள், எதிரே வாகனம் வராத, ஆம்புலன்ஸும் மார்ஷல்களும் தயாராக நிற்கும் ஓரிடத்துக்கு வந்து சேர்வது எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சி தருகிறது. ஆனால் முதன்முறையாக வருபவருக்கு அங்கே கிடைக்கும் முதல் அறிவுரை, பெரும்பாலும் "முதலில் நல்ல டயர் போடுங்கள்" என்பதாகவே இருக்கிறது. புதியவர்களுக்குப் பயிற்சியளிப்பதில் பல ஆண்டுகளாக உதவிவருபவன் என்ற முறையில், அந்த அறிவுரை தவறான நேரத்தில் சொல்லப்படுகிறது என்று கருதுகிறேன். அதற்கான காரணங்களை விளக்கவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

பந்தயத்துக்கென்று செய்யப்பட்ட மென்மையான ரப்பர் டயர்கள் மீது எனக்கு எந்த வெறுப்பும் இல்லை. அவை வியக்கத்தக்க பொறியியல் சாதனைகள். ஆனால் ஓட்டுநரின் பிழையை அவை திருத்துவதில்லை. அந்தப் பிழை வெளிப்படும் வேகத்தை மட்டும் உயர்த்துகின்றன. இடைப்பட்ட காலத்தில் அந்த ஓட்டுநர் தாம் முன்னேறிவிட்டதாக நம்புகிறார், அவருடைய லேப் நேரமும் (ஒரு சுற்றை முடிக்க எடுக்கும் நேரம்) அதை ஆமோதிக்கிறது.

இதைச் சிறிது கணக்கோடு சொன்னால் தெளிவாக விளங்கும். மோட்டார் சைக்கிளின் டயர் தரையைத் தொடும் பரப்பு உள்ளங்கை அளவுகூட இருக்காது. வளைவில் திரும்புவதற்கான விசை, பிரேக் பிடிப்பதற்கான விசை, வேகமுடுக்கியான திராட்டிலைத் திறக்கும்போது முன்னே தள்ளுவதற்கான விசை ஆகிய எல்லாமே அந்தச் சிறிய பரப்பின் வழியாகத்தான் தரைக்குச் செல்ல வேண்டும். ஒரு சாதாரண சாலை டயரின் மொத்தப் பிடிப்பை 1 என்று வைத்துக்கொள்வோம். அதில் 0.8 பங்கு திரும்புவதற்கே செலவாகிவிட்டால், ஒன்றுக்கொன்று செங்குத்தான திசைகளில் செயல்படும் விசைகளுக்குரிய கணக்குப்படி, பிரேக்குக்கு மிஞ்சுவது 0.6. அதே வளைவில் அதே வேகத்தில் செல்பவரின் டயருக்கு 1.3 அளவு பிடிப்பு இருந்தால், பிரேக்குக்கு மிஞ்சுவது ஏறத்தாழ 1.02. அதாவது டயரின் பிடிப்பு 30 சதவீதம் கூடும்போது, வளைவின் நடுவில் பதற்றத்தால் பிரேக்கை இறுக்கிப் பிடிப்பவருக்குக் கிடைக்கும் மன்னிப்பு 70 சதவீதம் கூடிவிடுகிறது. சாலை டயரில் முன்சக்கரம் லேசாக நழுவி "இப்படிப் பிடிக்காதே" என்று எச்சரித்திருக்கும். பந்தய டயரில் எதுவுமே நடப்பதில்லை. எதுவும் நடக்காததாலேயே அந்தக் கை அடுத்த சுற்றிலும் அப்படியே இறுக்கிப் பிடிக்கிறது, சில மாதங்களில் அது பழக்கமாகிவிடுகிறது.

வளைவுக்குள் நுழையும் பாதையில் நேரும் பிழைகளும் இப்படித்தான் மறைகின்றன. 40 மீட்டர் ஆரமுள்ள ஒரு வளைவை மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்தில் கடக்க, டயரின் அகலத்தைக் கணக்கில் கொள்ளாமல் பார்த்தால், வண்டியும் ஓட்டுநரும் சேர்ந்து சுமார் 45 பாகை சாய வேண்டும். பயத்தினால் சீக்கிரமாகவே வண்டியைத் திருப்பி, வளைவின் உள்விளிம்பை முன்கூட்டியே தொட்டுவிடும் ஓட்டுநர், வெளியேறும் இடத்தில் தடத்தை விட்டு வெளியே ஓடாமலிருக்க மீண்டும் இறுக்கித் திருப்ப வேண்டியிருக்கும். அப்போது அவர் பாதையின் ஆரம் 32 மீட்டராகச் சுருங்கினால், அதே வேகத்துக்குத் தேவைப்படும் சாய்வு ஏறத்தாழ 52 பாகை. நான் மேலே சொன்ன பந்தய டயர் இந்தச் சாய்வையும் மட்டுமட்டாகத் தாங்கிவிடும். ஓட்டுநரோ, தாம் அதிகமாகச் சாய்த்ததைத் திறமை என்று எண்ணிக்கொள்கிறார். முழங்கால் தரையில் உரசும் புகைப்படம் கிடைத்துவிட்டால் அந்த எண்ணம் இன்னும் உறுதிப்படுகிறது. உண்மையில் அந்தச் சாய்வு அவருக்குத் தேவைப்பட்டதே அவர் தவறான இடத்தில் திரும்பியதால்தான். சரியான இடத்தில் திரும்பியவர் அதே வேகத்தில் 45 பாகையோடு, கையில் ஏழு பாகை மிச்சத்தோடு அவ்வளைவைக் கடந்திருப்பார். இதைப் புதியவர்களிடம் எத்தனை முறை எடுத்துச் சொன்னாலும், புகைப்படத்தின் கவர்ச்சிக்கு முன்னால் அது எடுபடுவதில்லை என்பது வருத்தமான உண்மை.

டயர் தாங்கிவிட்டதே, பிறகென்ன கவலை என்று சிலர் கேட்பார்கள். ஓட்டுநர் அதே வேகத்தில் நின்றுவிட்டால் கவலையில்லைதான். ஆனால் யாரும் அப்படி நிற்பதில்லை. பிடிப்பு 1-லிருந்து 1.3 ஆகும்போது, அதே வளைவை எடுக்கக்கூடிய உச்ச வேகம் ஏறத்தாழ 14 சதவீதம் உயர்கிறது. 72 கிலோமீட்டரில் தெரியவேண்டிய பிழை 82 கிலோமீட்டரில் தெரியவரும். வேகத்தின் வர்க்கத்துக்கேற்ப ஆற்றல் கூடுவதால், விழும்போது உடலும் வண்டியும் கொண்டிருக்கும் ஆற்றலும் அவை சறுக்கிச் செல்லும் தூரமும் சுமார் 30 சதவீதம் கூடுகின்றன. தடத்துக்கும் தடுப்புச் சுவருக்கும் இடையேயுள்ள வெளியோ அதே அளவில்தான் இருக்கிறது. நம் நாட்டுத் தடங்களில் பல வளைவுகளில் அந்த வெளி தாராளமானது என்று சொல்ல முடியாது.

இன்னொரு ஆபத்து பலருடைய கவனத்துக்கு வருவதேயில்லை. வரிப்பள்ளங்கள் இல்லாத வழுவழுப்பான பந்தய டயர்களான சிலிக் டயர்கள் சூடேறிய பிறகுதான் முழுப் பிடிப்பைத் தரும். அதனால்தான் பந்தயக் குழுவினர் டயர் வார்மர்கள் எனப்படும் மின்சூடேற்றும் உறைகளைச் சுற்றி 80, 90 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடாக்கிய பிறகே வண்டியைத் தடத்தில் இறக்குகிறார்கள். அந்தச் சூட்டைத் தக்கவைக்க, கடுமையாக பிரேக் பிடித்து, கடுமையாக முடுக்கி, டயரைத் தொடர்ந்து வேலை வாங்க வேண்டும். புதியவரால் அது முடியாது. அவர் ஓட்ட ஓட்ட டயர் குளிர்கிறது. அவருக்கோ தாம் உலகிலேயே சிறந்த டயரில் இருக்கிறோம் என்ற நம்பிக்கை. நம் ஊர் வெயிலில் தார்த்தளம் தகிக்கும் நண்பகலில் இது அவ்வளவாகத் தெரியாது. காலையின் முதல் சுற்றுகளிலும் மழை தூறி நின்ற பிறகும் நன்றாகவே தெரியும். உலக அளவிலேயே இதற்குச் சான்று உண்டு. உலகின் முதன்மையான மோட்டார் சைக்கிள் பந்தயத் தொடரான மோட்டோஜிபி பந்தயங்களுக்கு 2009 முதல் பிரிட்ஜ்ஸ்டோன் நிறுவனம் மட்டுமே டயர் வழங்கியது. சூடான பின் அபாரமாகப் பிடித்த அந்த டயர்கள் குளிர்ந்த நிலையில் தேர்ந்த வீரர்களையே வீழ்த்தியதால், 2012-இல் விரைவாகச் சூடேறும் வகையில் அவற்றின் அமைப்பை மாற்ற நேர்ந்தது.

அதே பிரிட்ஜ்ஸ்டோன் காலத்திலிருந்து நான் முக்கியமாகக் கருதும் பாடம் வேறொன்று. அந்த டயர்களில் முன்சக்கரத்தின் பிடிப்பு மிக வலுவானது. பிரேக்கை விடாமலேயே வண்டியைச் சாய்த்து வளைவுக்குள் ஆழமாக நுழையும் பாணி அதை நம்பி மேலும் வேரூன்றியது. 2016-இல் மிஷெலின் நிறுவனம் டயர் வழங்கத் தொடங்கியது. அதன் பின்சக்கர டயர் நன்றாகப் பிடித்தது. முன்சக்கர டயரோ தொடக்கத்தில் பழைய பாணியைத் தாங்கவில்லை. அந்த மாற்றத்துக்கு முன்னதாக நடந்த சோதனை ஓட்டங்களில் முன்சக்கரம் நழுவி விழுந்தவர்களில் உலகச் சாம்பியன்களும் இருந்தார்கள். அவர்களுக்குத் திறமை இல்லை என்று யாரும் சொல்லத் துணிய மாட்டார்கள். ஆயினும், கை எதைப் பழகுகிறது என்பதை டயர் எந்த அளவுக்குத் தீர்மானிக்கிறது என்பது அங்கே வெட்டவெளிச்சமாயிற்று. அவர்கள் காலப்போக்கில் தங்களை மாற்றிக்கொண்டார்கள், ஏனெனில் அடிப்படைகள் அவர்களிடம் ஏற்கெனவே இருந்தன. டிராக் டேக்கு வரும் நம் இளைஞரிடம் அந்த அடிப்படைகள் இன்னும் உருவாகவேயில்லை.

அந்த அடிப்படைகள் அவர்களுக்கு எங்கிருந்து வந்தன என்பதையும் பார்க்க வேண்டும். 1978 முதல் 1980 வரை தொடர்ந்து மூன்று ஆண்டுகள் 500 சிசி உலகப் பட்டம் வென்ற அமெரிக்கர் கென்னி ராபர்ட்ஸ், மண் தடத்தில் பின்சக்கரத்தைச் சறுக்கவிட்டு ஓட்டிப் பழகியவர். மோட்டோஜிபி சாம்பியனான ஆஸ்திரேலியாவின் கேசி ஸ்டோனரும் சிறு வயதில் மண் தடத்தில் வளர்ந்தவரே. பலமுறை உலகச் சாம்பியனான வாலன்டினோ ரோஸி இத்தாலியில் தம் சொந்த ஊரான தவுல்லியாவில் மண் தடம் அமைத்து, இளம் வீரர்களை அங்கே பயிற்றுவிக்கிறார். ஸ்பெயினின் மார்க் மார்க்கேஸ் உலகப் பட்டங்களை வென்ற பிறகும் மண் தடப் பயிற்சியைக் கைவிடவில்லை. பிடிப்பு குறைந்த தரையில் வண்டி நழுவுவது மெதுவான வேகத்திலேயே தொடங்கிவிடும். நழுவல் எப்படித் தொடங்குகிறது, திராட்டிலை எவ்வளவு குறைத்தால் அடங்குகிறது, திடீரென்று மூடினால் பின்சக்கரம் மறுபடி பிடித்து ஓட்டுநரை எப்படித் தூக்கியெறிகிறது என்பதையெல்லாம் உடல் அங்கே பொறுமையாகக் கற்கிறது. உலகின் மிகச் சிறந்த டயர்களில் போட்டியிடுபவர்கள், கற்பதற்கென்று அவற்றை விட்டு விலகிச் செல்கிறார்கள் என்பதை நம் இளைஞர்கள் எண்ணிப் பார்க்க வேண்டுகிறேன்.

எதிர்த்தரப்பில் நியாயமே இல்லை என்று நான் சொல்லவில்லை. அச்சத்தில் உறைந்திருப்பவரால் எதையும் கற்க முடியாது. வண்டி எப்போது வழுக்குமோ என்று நடுங்குபவரின் கண் முன்சக்கரத்துக்கு நேர் முன்னே தரையிலேயே ஒட்டிக்கொள்ளும். கைகள் இறுகும், மூச்சும் அடைபடும். கிணற்றில் நீந்தக் கற்கும் பிள்ளையின் முதுகில் சுரைக்குடுக்கையைக் கட்டுவது போல, தொடக்கத்தில் ஓரளவு நம்பிக்கை தரும் டயர் தேவைதான். அதற்கு இன்றைய நல்ல சாலை டயர்களே தாராளமாகப் போதும். எடுத்துக்காட்டாக, 2017 இறுதியில் மிஷெலின் பைலட் ஸ்ட்ரீட் டயர்களோடு வெளிவந்த டிவிஎஸ் அப்பாச்சி ஆர்ஆர் 310 வண்டிக்கு, 2020-இல் அதே நிறுவனத்தின் ரோடு 5 டயர்கள் தரப்பட்டன. மழையிலும் பிடிக்கும் வகையில் செய்யப்பட்ட அந்த டயரின் எல்லையை எட்டவே ஒரு புதியவருக்கு நெடுங்காலப் பயிற்சி வேண்டும். அதற்கு மேல் ரப்பருக்குச் செலவழிக்கும் பணத்தை இன்னொரு நாள் பயிற்சிக்கும் ஒரு நல்ல பயிற்றுநருக்கும் செலவழித்தால் பயன் பல மடங்காகும்.

நான் சொல்வதைத் தவறாகப் புரிந்துகொண்டு, தேய்ந்த டயரிலோ பல ஆண்டுகள் கிடந்து இறுகிய டயரிலோ எவரும் தடத்துக்கு வந்துவிடக் கூடாது. கெட்ட டயர் எதையும் கற்றுத்தராது. ஒரு சுற்றில் ஒருவிதமாகவும் அடுத்த சுற்றில் வேறுவிதமாகவும் நடந்துகொண்டு கற்றதையும் குழப்பிவிடும். நான் வேண்டுவது நல்ல நிலையில் உள்ள, சரியான காற்றழுத்தம் கொண்ட, வண்டியோடு வந்த தரத்திலான டயர்.

ஒரே வகை வண்டியும் ஒரே வகை டயரும் கொண்டு நடத்தப்படும் 'ஒன் மேக்' பந்தயங்களை இருங்காட்டுக்கோட்டையில் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது எளிதில் விளங்கும். அங்கே முதலில் வருபவருக்கும் கடைசியில் வருபவருக்கும் இடையிலான நேர வேறுபாட்டை டயரின் மேல் போட முடியாது. முந்துபவர் பிரேக்கை விடும் மென்மையையும், ஒரே மூச்சில் வண்டியைச் சாய்க்கும் தெளிவையும், வளைவு முழுவதும் திராட்டிலைச் சீராகத் திறந்துகொண்டே போகும் பொறுமையையும் வேலிக்கு வெளியே நின்றே காணலாம். மழை நாளில் இவை இன்னும் துலக்கமாகத் தெரியும். வெயில் நாளில் முன்வரிசையில் ஓடிய சிலர் ஈரத்தில் பின்தங்குவதையும், யாரும் பொருட்படுத்தாத ஒருவர் முன்னேறுவதையும் தொடர்ந்து பார்ப்பவர்கள் அறிவார்கள்.

எனவே, டிராக் டே நடத்தும் அமைப்பாளர்களுக்குத் தங்கள் நாளிதழ் வழியாகச் சில வேண்டுகோள்களை முன்வைக்கிறேன். ஓட்டுநர்களை இப்போது லேப் நேரத்தை வைத்தும் வண்டியின் சிசியை வைத்தும் குழுக்களாகப் பிரிக்கிறார்கள். லேப் நேரத்தை டயரால் வாங்கிவிட முடியும் என்பதால், அது ஒன்றையே அளவுகோலாகக் கொள்ளாமல், பயிற்றுநர் ஒருவர் பின்தொடர்ந்து சென்று பார்த்த பிறகே மேல் குழுவுக்கு அனுப்ப வேண்டும். தொடக்கக் குழுவில் சிலிக் டயர்களையும் டயர் வார்மர்களையும் அனுமதிக்கக் கூடாது. பிரேக்கைத் தொடாமல் குறைந்த வேகத்தில் வளைவுகளைக் கடக்கும் பயிற்சியை ஒவ்வொரு நாளும் முதல் அமர்வில் வைக்க வேண்டும். அமெரிக்கப் பயிற்றுநர் கீத் கோடு 1980-இல் தொடங்கிய கலிஃபோர்னியா சூப்பர்பைக் ஸ்கூல் நெடுங்காலமாகக் கையாளும் முறை இது. அப்பள்ளி சென்னைத் தடத்தில் நடத்திய வகுப்புகளில் அப்பாச்சி போன்ற எளிய வண்டிகளே பெரிதும் பயன்பட்டன என்பதும் குறிப்பிடத்தக்கது. பிரேக் இல்லாதபோது, வளைவுக்குள் நுழையும் வேகத்தைக் கண்ணாலும் கையாலும் முன்கூட்டியே கணிக்க வேண்டியிருக்கும். அந்தக் கணிப்பைத் தரக்கூடிய டயர் எந்தக் கடையிலும் இல்லை.

இவ்விதிகளால் சில வாடிக்கையாளர்கள் முகம் சுளிப்பார்கள் என்று அமைப்பாளர்கள் தயங்கக்கூடும். தோல் உடையும் தலைக்கவசமும் கட்டாயமாக்கப்பட்டபோதும் அந்தத் தயக்கம் இருந்திருக்கும். இன்று அவை இல்லாமல் எவரும் நுழைவாயிலைத் தாண்ட முடியாது. அடுத்த பருவத்துக்கான விதிமுறைகளை அறிவிக்கும்போது, தொடக்கக் குழுவுக்கான டயர் வரையறையையும் அவற்றோடு சேர்த்து வெளியிடுமாறு அவர்களைப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
டிராக் பயிற்றுநர் ஒருவர்,
பூந்தமல்லி.