நாகசுரத்துக்குச் சிறு பழுது: நாமே பார்க்கலாம்

உறுப்பினர்களுக்கு வணக்கம். மழை தொடங்கியதிலிருந்து "சீவாளி பேசவில்லை" என்று, அதாவது வாயில் வைத்து ஊதும் நாணல் இதழில் ஒலி எழவில்லை என்று, பலர் எழுதுகிறீர்கள். உடனே புதிது வாங்க ஓட வேண்டாம். சீவாளியை வாயில் வைத்து நன்றாக ஊறவிடுங்கள். பிறகு கொம்பு ஊசியை உள்ளே மெல்ல நுழைத்து, ஒட்டிக்கொண்ட இதழ்களைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்துவிடுங்கள். காய்ந்த சீவாளியில் ஊசி பட்டால் இதழ் கீறிவிடும். சென்ற வாரம் நன்றாகப் பழகிய ஒன்றை அப்படித்தான் இழந்தேன். இன்னும் மனம் ஆறவில்லை.

சீவாளியைப் பொருத்தும் உலோகக் குழாயான கெண்டை ஆடினால் காற்று கசிந்து சுருதி நிற்காது. பழைய நூலைப் பிரித்து, பருத்தி நூலை நெருக்கமாகச் சுற்றி இறுக்குங்கள்.

7 விரல் துளைகளுக்கும் அடுத்துக் கீழ்ப்பகுதியில் உள்ள துளைகளில் மெழுகு உதிர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். தேன்மெழுகைக் கடுகளவாக எடுத்து அடைத்து, ஒவ்வொரு முறையும் சுருதிப்பெட்டியோடு ஊதிப் பாருங்கள்.

ஆச்சா மரக் குழலில் விரிசல் கண்டால் மட்டும் தயவுசெய்து பசை தடவாதீர்கள். 2022இல் புவிசார் குறியீடு பெற்ற நாகசுரம் தஞ்சாவூர் மாவட்டத்து நரசிங்கன்பேட்டையுடையது. விரிசலைச் சரிசெய்யும் வேலை அங்குள்ள ஆசாரிகளின் கைக்கு உரியது. குழல்களைச் சேர்த்து ஒன்றாகக் கொண்டுபோவோம். விரிசல் உள்ளவர்கள் ஞாயிற்றுக்கிழமைக்குள் இங்கே படம் அனுப்புங்கள்.