ஒன்று, இரண்டாம் வகுப்புச் சுவர்களில் படங்கள் இல்லாதது குறித்து

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். ஒன்று, இரண்டாம் வகுப்பறைகளில் கரும்பலகையைச் சுற்றி இருந்த விலங்குப் படங்கள், எழுத்து அட்டைகள், வண்ணத் தோரணங்கள் ஆகியவற்றை எடுத்துவிட்டது ஏன் என்று பெற்றோர் சிலர் கேட்டிருந்தீர்கள். பிள்ளைகளின் கவனத்தைக் கருதியே அவற்றை எடுத்தோம்.

அமெரிக்காவின் கார்னெகி மெலன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். மழலையர் வகுப்புப் பிள்ளைகள் 24 பேருக்குச் சில அறிவியல் பாடங்களைச் சுவரெங்கும் படங்கள் ஒட்டிய அறையிலும், வேறு சிலவற்றை வெறுஞ்சுவர் அறையிலும் நடத்தி, அவர்களின் பார்வை எங்கே செல்கிறது என்று கவனித்தார்கள். படங்கள் நிறைந்த அறையில் பாட நேரத்தில் ஏறத்தாழ 39 விழுக்காடு கவனம் வேறு பக்கம் போனது. வெறுஞ்சுவர் அறையில் அது 28 விழுக்காடு. பாடம் முடிந்து கேட்ட கேள்விகளுக்கு முதல் அறையில் 42 விழுக்காடும், இரண்டாவதில் 55 விழுக்காடும் சரியான விடைகள் வந்தன. இது சிறிய ஆய்வுதான். வெறுஞ்சுவர் அறையிலும் பிள்ளைகள் பக்கத்தில் இருப்பவரை வேடிக்கை பார்க்கத்தான் செய்தார்கள். ஆயினும் இந்த வேறுபாடு புறக்கணிக்கத் தக்கதன்று.

பிள்ளைகளின் கவனத்தை அளக்க உளவியலாளர்கள் மீன் படங்களைப் பயன்படுத்துகிறார்கள். திரையில் ஐந்து மீன்கள் வரிசையாகத் தோன்றும். நடுமீன் எந்தப் பக்கம் பார்க்கிறதோ அந்தப் பக்கத்துப் பொத்தானை அழுத்த வேண்டும். மற்ற நான்கும் எதிர்ப்பக்கம் பார்த்தால், நான்கு வயதுப் பிள்ளை தடுமாறித் தவறான பொத்தானை அழுத்துவதுண்டு; ஏழு வயதுப் பிள்ளை பெரும்பாலும் சமாளித்துவிடும். தேவையற்றதை ஒதுக்க உதவும் முன்மூளைப் பகுதி இருபது வயதைத் தாண்டியும் முதிர்ந்துகொண்டிருப்பதால், ஆறு வயதுப் பிள்ளையிடம் "அங்கே பார்க்காதே" என்று அதட்டிப் பயனில்லை.

இதைக் குறை என்று எண்ண வேண்டாம். ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் நடந்து 2017-இல் வெளியான ஆய்வொன்றில், ஒன்றன்மேல் ஒன்றாக வரையப்பட்ட இரு வண்ண உருவங்களில் ஒரு வண்ணத்தை மட்டும் கவனிக்கச் சொன்னார்கள். சொன்ன உருவத்தில் நேர்ந்த மாற்றத்தைப் பெரியவர்கள் 94 விழுக்காடும், நான்கைந்து வயதுப் பிள்ளைகள் 86 விழுக்காடும் கண்டுபிடித்தார்கள். கவனிக்கச் சொல்லாத உருவத்தில் நேர்ந்த மாற்றத்தையோ, பிள்ளைகள் 77 விழுக்காடும் பெரியவர்கள் 63 விழுக்காடும் கண்டார்கள். நாம் தவறவிடுவது பிள்ளைகளின் கண்ணில் படுகிறது! அந்தப் பரந்த பார்வை விளையாட்டுத் திடலிலும் தோட்டத்திலும் பெரிதும் உதவும். கழித்தல் கணக்குப் போடும்போதுதான் இடைஞ்சலாகிறது.

ஆகவே, அன்றைய பாடத்துக்குரிய படம் மட்டும் அன்று பலகையருகில் மாட்டப்படும். பிள்ளைகள் வரைந்தவை தாழ்வாரத்தில் இருக்கின்றன. மாலையில் அழைத்துச் செல்ல வரும்போது பார்க்கலாம். நான்கு, ஐந்தாம் வகுப்புகளில் எதையும் மாற்றவில்லை.

வீட்டில், பிள்ளை எழுதும்போது தொலைக்காட்சியை ஒலி குறைத்து வைப்பது போதாது, அணைத்துவிடுங்கள். ஓடும் படமே கண்ணை இழுக்கும். பொத்தானை அழுத்தினால் அறைகள் திறக்கும் பென்சில் பெட்டிகளுக்குப் பதிலாகச் சாதாரணப் பெட்டியொன்றைக் கொடுத்தனுப்புங்கள். இதில் மாற்றுக் கருத்துடைய பெற்றோர் வகுப்பாசிரியரிடம் சொல்லிவிட்டு, ஒரு பாடவேளை பின்வரிசையில் அமர்ந்து பார்த்த பிறகு என்னிடம் பேசலாம்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்