எல்லாமே 'அலைதல்' ஆகிவிடுமா?

ஆசிரியருக்கு,

போன வாரம் உங்கள் மாணவர் பக்கத்தில் வந்த ஆங்கிலச் சொல் பட்டியலைப் பற்றித்தான் இந்தக் கடிதம். வாண்டர் (wander), ரோம் (roam), ஸ்ட்ரோல் (stroll), ஸ்ட்ரே (stray), லாய்ட்டர் (loiter) எல்லாவற்றுக்கும் நேராக 'அலைதல், திரிதல்' என்று போட்டு முடித்துவிட்டீர்கள். பத்தாம் வகுப்புப் பிள்ளை அதை அப்படியே மனப்பாடம் செய்து, 'என் தாத்தா தினமும் தெப்பக்குளத்தைச் சுற்றி ஸ்ட்ரே செய்கிறார்' என்று பரீட்சையில் எழுதி வைத்தால் யார் பொறுப்பு?

தாத்தா செய்வது ஸ்ட்ரோல். சாயங்காலம் மாரியம்மன் தெப்பக்குளக் கரையில் காற்று வாங்கிக்கொண்டு, தெரிந்தவர் எதிரே வந்தால் நின்று நாலு வார்த்தை பேசிவிட்டு, மறுபடி அவசரமில்லாமல் நடப்பது. காலாற நடப்பது, உலாத்துவது என்று நம்மிடமே அச்சாகப் பொருந்தும் சொல் இருக்க, அதை ஏன் விட்டீர்களோ! ஸ்ட்ரே என்றால் இருக்க வேண்டிய இடத்தை, போக வேண்டிய வழியை விட்டு விலகிப்போவது. கிடையிலிருந்து பிரிந்துபோன ஆட்டுக்குச் சொல்லலாம், தாத்தாவுக்குச் சொன்னால் வீட்டில் சண்டை வரும்.

வாங்க ஒன்றும் இல்லாமல் விளக்குத்தூண் பக்கம் போய், அப்படியே மாசி வீதிக்குள் கால் போன போக்கில் போனால் அது வாண்டர். வகுப்பில் பாடம் நடக்கும்போது மனசு எங்கெங்கோ போகிறதே, அதற்கும் இதே சொல்தான். ரோம் என்பதற்குப் பரந்த இடம் வேண்டும், மேகமலைக் காட்டில் யானைகள் திரிகிற மாதிரி. செல்போனில் ரோமிங் என்கிறோமே, அதுவும் இந்தச் சொல்தான்.

லாய்ட்டரைப் பட்டியலில் பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது, ஏனென்றால் அதில் பெரும்பாலும் நடையே கிடையாது. பெரியார் பஸ் ஸ்டாண்ட் வாசலில் ஒரு வேலையும் இல்லாமல் ஒருவர் மணிக்கணக்கில் நின்றால் பார்ப்பவர்களுக்கு ஒரு சந்தேகம் வருமல்லவா, அந்தச் சந்தேகமும் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.

வளைந்து நெளிந்து போவதைச் சொல்லும் மியாண்டரையும் (meander) சேர்த்திருக்கலாம். துருக்கியின் மேற்குப் பகுதியில் வளைந்து வளைந்து ஓடும் மெண்டெரெஸ் ஆற்றின் பழைய கிரேக்கப் பெயரிலிருந்து வந்த சொல் அது. இப்படிச் சொல்லிக்கொடுத்தால் பிள்ளைகளுக்கு மறக்காது. வைகைக்கு அந்தச் சொல்லைப் போட முதலில் தண்ணீர் வேண்டும், சரி, அது தனிக் கடிதம்.

அடுத்த வாரம் இத்தனை சொல்லுக்குப் பதில் மூன்றே சொல் போடுங்கள், ஆனால் ஒவ்வொன்றுக்கும் யார், எங்கே, எப்படிப் போகிறார் என்று தெரிகிற மாதிரி ஒரு வாக்கியம் எழுதுங்கள்.

இப்படிக்கு,
வாசகர், அனுப்பானடி, மதுரை