ஊர் மக்களும் காலனி மக்களும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கிராமங்களில் நடக்கும் மோதல்கள், திருவிழாத் தகராறுகள், குடிநீர்ப் பிரச்சினைகள் குறித்து நாளிதழ்களில் வரும் செய்திகளில் ‘ஊர் மக்கள்’ என்று ஒரு தரப்பையும் ‘காலனி மக்கள்’ என்று மறு தரப்பையும் குறிப்பிடும் வழக்கம் இன்னும் நீடிக்கிறது. சாதிப் பெயர் எதுவும் அச்சில் இராது. ஆனாலும் யார் யார் என்பது படிக்கும் ஒவ்வொருவருக்கும் விளங்கிவிடும். அதைவிட எனக்கு வருத்தம் தருவது, காலனியில் இருப்பவர்கள் ஊர் மக்கள் அல்லர் என்ற பொருள் அந்தத் தொடருக்குள்ளேயே அமர்ந்திருப்பதுதான். அதே வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்து, அதே ஊராட்சிக்கு வரி கட்டி, அதே ஏரியின் கீழ் கூலி வேலை செய்பவர்களை எந்தக் கணக்கில் ஊருக்கு வெளியே நிறுத்துகிறோம்?

‘காலனி’ என்ற சொல் வந்த வழியைப் பார்த்தால் இன்னும் மனம் கனக்கிறது. லத்தீனில் ‘கொலோனுஸ்’ என்றால் நிலத்தை உழுபவன். அவன் குடியேறிய இடம் ‘கொலோனியா’. ரோமானியர் தாம் வென்ற பகுதிகளில், படைப்பணி முடித்த வீரர்களுக்கு நிலம் பிரித்துக் கொடுத்து அமர்த்திய ஊர்களுக்கு இப்பெயர் வழங்கியது. ஜெர்மனியின் கொலோன் நகரம் கி.பி. 50-இல் அந்தத் தகுதியைப் பெற்றது. அந்தச் சொல்லே இன்றுவரை அதன் பெயராக நிலைத்திருக்கிறது. ஆக, உழுவதற்கு நிலம் பெற்றவனின் குடியிருப்புதான் முதலில் காலனி. நம் கிராமங்களிலோ, தலைமுறை தலைமுறையாகப் பிறர் நிலத்தில் உழைத்து, தமக்கென்று காணி நிலமும் வாய்க்காதவர்களின் குடியிருப்புக்கு அது பெயராயிற்று.

இடையில் ஐரோப்பிய நாடுகள் கடல் கடந்து பிடித்து ஆண்ட நாடுகளுக்கும் அதே பெயர் வந்ததை வரலாறு படித்தவர்கள் அறிவர். 1960 டிசம்பர் 14 அன்று ஐ.நா. பொதுச்சபை காலனி நாடுகளுக்கும் மக்களுக்கும் விடுதலை வழங்கக் கோரும் பிரகடனத்தை ஏற்றுக்கொண்டபோது, உலக அரங்கில் அது களைய வேண்டிய ஒரு நிலையின் பெயராகிவிட்டது.

நகரத்தில் நிலைமை வேறு. ரயில்வே காலனி, வங்கி ஊழியர் காலனி, போலீஸ் காலனி என்று சொல்லும்போது யாருக்கும் நா கூசுவதில்லை. சென்னையில் கலாக்ஷேத்ரா காலனி என்றும், டெல்லியில் டிஃபென்ஸ் காலனி என்றும் முகவரி சொல்பவரை யாரும் ஏற இறங்கப் பார்ப்பதில்லை. இருக்கை காட்டி உட்காரச் சொல்வார்கள். ஒரே சொல்தான். முன்னால் ஓர் அலுவலகத்தின் பெயர் இருந்தால் கௌரவமாகிறது. ஒரு கிராமத்தின் பெயருக்குப் பின்னால் வெறுமனே நின்றால் சாதியாகிறது.

கிராமத்தில் இந்தப் பொருள் ஏற்பட்டதற்கு அரசின் வீட்டுத் திட்டங்களும் ஒரு காரணம். ஒடுக்கப்பட்ட மக்களுக்கென்று ஒதுக்குப்புற நிலத்தை எடுத்து, வரிசையாக ஒரே மாதிரி வீடுகளைக் கட்டிக் கொடுத்து, அதற்குக் காலனி என்று பெயரிட்டார்கள். ‘காலனி வீடு’ என்பதே ஒரு வகை வீட்டின் பெயராயிற்று. சேரி என்ற சொல் இழிவாகிவிட்டதால் அதற்கு மாற்றாக வந்த பெயர் இது என்பதை நினைவில் கொள்ள வேண்டும். சேரியும் தொடக்கத்திலேயே இழிந்த சொல்லாக இருக்கவில்லை. முதலாம் பராந்தகன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டு, குடவோலை முறையை விவரிக்கும்போது, அந்த அந்தணர் ஊரின் 12 சேரிகளைக் குறிப்பிடுகிறது. அங்கே சேரி என்பது ஊரின் ஓர் உட்பிரிவு, அவ்வளவே. முதலாம் இராசராசனின் தஞ்சைக் கல்வெட்டுகளிலோ ‘தீண்டாச்சேரி’ என்ற சொல்லைப் பார்க்கிறோம். சேரிக்கு நேர்ந்ததே காலனிக்கும் நேர்ந்தது.

நான் கிராமத்துக் கிளை அஞ்சலகம் ஒன்றில் நெடுங்காலம் பணியாற்றி ஓய்வுபெற்றவன். ஒருநாள் மாலை, பையைக் கட்டி அனுப்பிய பிறகு, பட்டப்படிப்பு முடித்த இளைஞர் ஒருவர் வேலைக்கான விண்ணப்பப் படிவத்துடன் வந்து நின்றார். எல்லாக் கட்டங்களையும் அழகான கையெழுத்தில் நிரப்பியிருந்தார். முகவரிக் கட்டம் மட்டும் காலியாக இருந்தது. “ஐயா, காலனின்னு போடாம வெறும் கதவு எண்ணும் ஊர் பேரும் போட்டா கடிதம் வந்து சேருமா?” என்று தாழ்ந்த குரலில் கேட்டார். “வரும் தம்பி, ஆறு இலக்க பின்கோடைச் சரியாப் போடு, மத்தத நான் பாத்துக்கிறேன்” என்றேன். அவர் அங்கேயே என் மேசையில் வைத்து எழுதினார். பழக்கத்தில் பேனா ‘கா’ என்று ஓர் எழுத்தை எழுதிவிட்டது. அதை அடித்தால் படிவம் கெட்டுவிடுமே என்று அவர் பதறியதும், அந்த ஓர் எழுத்தையே முதலெழுத்தாக வைத்துக் ‘காந்தி தெரு’ என்று இல்லாத ஒரு தெருவை எழுதியதும் இன்றும் என் கண்ணில் நிற்கின்றன. நேர்முகத் தேர்வுக் கடிதம் அந்த முகவரிக்குத்தான் வந்தது. நானே கொண்டுபோய்க் கொடுத்தேன்.

2025 ஏப்ரல் 29 அன்று சட்டப்பேரவையில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின், காலனி என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் நீக்க நடவடிக்கை எடுக்கப்படும் என்று அறிவித்தபோது எனக்கு அந்த இளைஞரின் படிவம்தான் நினைவுக்கு வந்தது. பெயரை மாற்றிவிட்டால் சாதி போய்விடுமா என்று கேட்பவர்களின் கேள்வி நியாயமானதே. சேரியைக் காலனி ஆக்கியும் போகவில்லை என்பதை மேலே நானே சொன்னேன். என்றாலும், ஒருவர் தம் முகவரியைத் தலைநிமிர்ந்து எழுதுவதற்கு, அந்தப் பெரிய மாற்றம் வரும்வரை அவரைக் காத்திருக்கச் சொல்ல நமக்கு உரிமை இல்லை. அரசு தன் பதிவேடுகளைத் திருத்தலாம். பொதுப் புழக்கத்தைத் திருத்தும் வேலையில் பெரும்பங்கு நாள்தோறும் எழுதும் பத்திரிகைகளுடையது.

எனவே தங்கள் நாளிதழுக்கு என் வேண்டுகோள் இது. மோதல் செய்திகளில் இரு தரப்பையும் அவரவர் தெருவின் பெயராலோ குடியிருப்பின் பெயராலோ குறிப்பிடுங்கள்; சாதி வன்கொடுமை என்றால் அதை மறைக்காமல் அப்படியே எழுதுங்கள். ‘ஊர் மக்கள்’ என்று எழுதும்போது அதில் எல்லாரும் அடங்கட்டும். வரலாற்றுக் கட்டுரையில் காலனியாதிக்கம் என்று எழுதுவதிலோ, ஆய்வகத் தட்டில் வளரும் பாக்டீரியாத் திரளைக் காலனி என்று சொல்வதிலோ யாருக்கும் மனத்தாங்கல் இல்லை. அங்கே அது துறைச்சொல். ஒரு சங்கமோ நிறுவனமோ தனக்குத் தானே இட்டுக்கொண்ட பெயரிலும் கை வைக்க வேண்டியதில்லை. கூடவே ஒன்று: காலில் அணிவதற்குக் ‘காலணி’ என்று மூன்று சுழி ணகரம் வரவேண்டும். கால், அணி என்ற இரு தமிழ்ச் சொற்கள் சேர்ந்தது அது. குடியிருப்பின் பெயரில் அந்த எழுத்து தவறி விழும்போது, அங்கே வசிப்பவர் அதை வெறும் அச்சுப்பிழையாக எடுத்துக்கொள்ள மாட்டார். மெய்ப்புத் திருத்துவோர் இதில் தனிக் கவனம் செலுத்துமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிராம அஞ்சல் ஊழியர்