அப்பாவிடம் முகம் பார்த்துப் பேசியவர்களுக்கு

அன்புள்ள எங்கள் தெருக்காரர்களுக்கும், பட்டறைக்காரர்களுக்கும், டீக்கடை அண்ணாவுக்கும்,

வணக்கம். அப்பா காதில் கருவி மாட்டி இந்தப் பங்குனியோடு ஒரு வருஷம் ஆகிறது. உங்கள் எல்லாரையும் வீடு வீடாக வந்து பார்த்து நன்றி சொல்ல ஆசைதான். திருப்பூரில் வேலை, ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள்தான் பள்ளிபாளையத்தில் இருக்கிறேன். அதனால்தான் இந்த மடல்.

அப்பா 36 வருஷம் விசைத்தறி ஓட்டியவர். தறியில் நூலோடு இப்படியும் அப்படியும் பாய்கிற நாடா அடிக்கிற அடியில், பட்டறைக்குள் பக்கத்தில் நிற்பவரிடம் பேசுவதற்கே காதோடு வாய் வைத்துக் கத்த வேண்டும் என்பது உங்களுக்கே தெரியும். காது மந்தமானபோது வயசு என்றோம், அழுக்கு என்றோம், எண்ணெய் காய்ச்சி விட்டோம். (அதைச் செய்யவே கூடாது என்று பிறகு டாக்டர் சொன்னார்.) டிவி சத்தத்துக்காகச் சண்டை போட்டோம். "வேண்டியது மட்டும் இவருக்குக் காதுல விழுது" என்று அவர் எதிரிலேயே பேசினோம். எல்லாவற்றையும்விட, "என்ன சொன்னீங்க?" என்று அவர் கேட்கும்போதெல்லாம் "ஒண்ணுமில்ல, விடுங்கப்பா" என்றோம். கொஞ்ச நாளில் அவர் கேட்பதையே விட்டுவிட்டார். அப்புறம் கல்யாணம் காட்சிக்கு வருவதையும் விட்டுவிட்டார். நினைத்தால் இப்போதும் மனசு கனக்கிறது.

முதல் நன்றி அரசு மருத்துவமனையில் அப்பாவின் காதைப் பரிசோதித்த ஆடியாலஜிஸ்ட் மேடத்துக்கு. சத்தம் புகாத சின்ன அறையில் அப்பாவை உட்கார வைத்து, ஹெட்போன் மாட்டி, "சத்தம் கேட்டா இந்தப் பட்டனை அழுத்துங்கய்யா" என்றார். வந்த படத்தில் வலது காதுக்குச் சிவப்பு வட்டங்கள், இடது காதுக்கு நீலப் பெருக்கல் குறிகள். இரண்டு கோடும் கூர்மையான, கீச்சென்ற ஒலிகளுக்கான வலப்பக்கம் போகப் போகச் சரிந்து இறங்கின. பட்டறைச் சத்தம் முதலில் தின்பது கூர்மையான ஒலிகளைத்தான் என்றார். உள்காதில் ஒவ்வொரு பக்கமும் ஒலியை உணர்கிற மயிர்ச் செல்கள் சுமார் 15,000 இருக்கின்றன. ஒருமுறை செத்தால் மறுபடி முளைக்காது.

அப்புறம் ஒரு தாளில் நான்கு சொற்களை எழுதிக் காட்டினார். சட்டை, பட்டை, கட்டை, தட்டை. "உங்கப்பாவுக்கு முதல் எழுத்தோட மெய்யொலி போயிடுது. நாலுமே அவருக்கு அட்டைதான்." "சத்தம் கேக்குது, என்னன்னுதான் புரியல" என்று அப்பா பல வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தது அன்றுதான் எனக்கு விளங்கியது. சாக்கு என்று நினைத்திருந்தேன். கத்திப் பேசினாலும் 'ஆ', 'ஓ' என்கிற உயிரொலிதான் பெரிதாகுமாம், தொலைந்த மெய்யொலி திரும்பாதாம். போதாததற்கு, இப்படிப் பழுதான காதுக்குச் சின்னச் சத்தம் எட்டாது, பெரிய சத்தம் குத்தும். நாங்கள் கத்தக் கத்த அவர் முகம் சுளித்தது கோபத்தால் அல்ல, வலியால்.

இரண்டு காதிலும் 60 டெசிபெலுக்கு மேல் இழப்பு இருந்ததால் மாற்றுத்திறனாளிச் சான்றும் அடையாள அட்டையும் கிடைத்தன. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கருவியை இலவசமாகவே கொடுத்தார்கள். இதற்காக அலைந்த ஒரு நாளில், வேறோர் அலுவலகத்தின் ஜன்னலில், "செவிட்டு ஆளைத் தனியா ஏன் அனுப்புறாங்க" என்று ஒருவர் சத்தமாகச் சொல்லியிருக்கிறார். பின்னால் வரிசையில் நின்ற ஓர் அக்கா முன்னால் வந்து, என்னென்ன நகல் வேண்டுமென்று கேட்டு, அப்பாவின் பையின் மேலேயே பேனாவால் எழுதிக் கொடுத்தாராம். உங்கள் பெயர்கூடத் தெரியாது அக்கா. அந்த மஞ்சள் பையை இன்னும் வைத்திருக்கிறோம்.

கருவி வந்ததும் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தோம். முதல் வாரம் மின்விசிறி இரைச்சலும் தட்டு வைக்கிற சத்தமும் மண்டையைப் பிளக்கிறது என்று கழற்றி அலமாரியில் வைத்துவிட்டார். மறந்துபோன ஒலிகளை மூளை மறுபடி பழக வேண்டும், நாளுக்கு ஒரு மணி நேரத்தில் தொடங்குங்கள் என்று மேடம் சொல்லி அனுப்பினார். அந்த ஒரு மணி நேரத்தைத் தினமும் காப்பாற்றிக் கொடுத்தவர் டீக்கடை அண்ணா.

அண்ணா, நீங்கள் செய்ததை அம்மா சொல்லித்தான் அறிந்தேன். அப்பா வருவதைப் பார்த்ததும் எஃப்.எம்.மை அணைப்பீர்களாம். பாய்லர் பக்கம் திரும்பியபடி பேசாமல், டம்ளரை வைத்துவிட்டு நேராக முகம் பார்த்துப் பேசுவீர்களாம். "தண்ணி வரி விஷயம்" என்று தலைப்பைச் சொல்லிவிட்டுத்தான் விஷயத்தைச் சொல்வீர்களாம். "நாளன்னிக்கு" என்பது பிடிபடவில்லை என்றால் அதையே நான்கு முறை சொல்லாமல் "புதன்கிழமை" என்று மாற்றிச் சொல்வீர்களாம். ஒருநாள் "பணம்" என்று நீங்கள் சொன்னதை அவர் "மணம்" என்று எடுத்துக்கொண்டு யாருக்குக் கல்யாணம் என்று கேட்டாராமே. உதட்டைப் பார்த்தால் பகரமும் மகரமும் ஒன்றுபோலத்தான் தெரியும். அன்றிலிருந்து கணக்கைச் சொல்லும்போது ஐந்து விரலையும் காட்டுகிறீர்கள். இதையெல்லாம் யாரும் உங்களுக்குச் சொல்லித் தரவில்லை.

மருந்துக்கடைத் தம்பிக்கு நன்றி. ஆரஞ்சுத் தாள் ஒட்டிய 13-ஆம் நம்பர் பேட்டரியை அப்பாவுக்காகவே வரவழைத்து வைக்கிறாய். தாளை உரித்து ஒரு நிமிடம் காற்றுப் பட்ட பிறகு போட வேண்டும் என்று நீதான் அவருக்குச் செய்து காட்டினாய். பட்டறை முதலாளி தம்பிக்கும் நன்றி. பஞ்சு வைத்து அடைத்தால் பெரிதாகப் பயனில்லை என்று தெரிந்ததும், தறி ஓட்டுகிற எல்லாருக்கும் காதடைப்பான் வாங்கிக் கொடுத்தீர்கள். அப்பா போன பாதையில் இன்னொருவர் போக வேண்டாம்.

அம்மா, உனக்கு நன்றி சொன்னால் திட்டுவாய். சமையலறையிலிருந்து கூப்பிடாமல், ஒவ்வொரு முறையும் நடந்து வந்து அவர் தோளைத் தொடுகிறாய். முழங்கால் வலியோடு.

வருகிற ஆவணியில் என் தம்பிக்குக் கல்யாணம். எல்லாரும் அவசியம் வர வேண்டும். ஒரு சின்ன வேண்டுகோள்: மேளம் கொட்டும்போது அப்பாவுக்குப் பேச்சு பிடிபடாது, கருவி மேளத்தையும் சேர்த்தே பெரிதாக்கும். அப்போது கையைப் பிடித்தால் போதும். பந்தியில் அவருக்கு எதிரே, வெளிச்சம் முகத்தில் படும்படி உட்கார்ந்து பேசுங்கள். மண்டப வாசலில் பன்னீர்ச் செம்போடு நின்று எல்லாரையும் தானே கூப்பிடப் போவதாக அப்பா சொல்லியிருக்கிறார்.

இப்படிக்கு,
அவருடைய மூத்த மகள்