உன் மடிக்கணினியை விற்றுவிடாதே

ரங்கூன்

அன்பு நண்பா,

மோல்மேனில் வீட்டார் எல்லோரும் நலம் என்று அறிந்து மகிழ்ந்தேன். இங்கும் நலமே. குடை மாமா வழக்கம்போல உன்னைத்தான் முதலில் விசாரித்தார். எதைப் பற்றி என்று நான் எழுத வேண்டியதில்லை. நீ பேருந்தில் அனுப்பிய மடிக்கணினி நேற்று மாலை எழுந்து உட்கார்ந்துவிட்டது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

விண்டோஸ் 10-க்கான இலவசத் திருத்தங்கள் 2025 அக்டோபர் 14-ஓடு நின்றுவிட்டன, 11 இதில் ஏறாது, ஆகவே பழைய இரும்புக்குப் போடுங்கள் என்று கடைக்காரர் சொன்னதாக எழுதியிருந்தாய். முதல் இரண்டும் சரி. விண்டோஸ் 11-க்குக் குறைந்தது 4 ஜிபி நினைவகமும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும் வேண்டும். உன்னுடையதில் இருப்பது 2 ஜிபி, அந்தச் சில்லும் கிடையாது. ஆனால் அதை வைத்து ஒரு நல்ல கணினியைக் குப்பைக்கு அனுப்பச் சொல்வது எனக்குக் கோபத்தையே தருகிறது. கோயில் வகுப்புப் பிள்ளைகள் ஒரே கைப்பேசியைச் சுற்றி உட்கார்ந்து படிப்பதை நீயே பார்த்திருக்கிறாய்.

இன்னொன்று கேள். இது ஒரே முறையில் 32 பிட் தரவை மட்டும் கையாளும் பழைய வகை, அதாவது 32 பிட் கணினி என்றே நீ இத்தனை காலமும் நம்பியிருந்தாய். 32 பிட்டாக இருந்தது உள்ளே போட்டிருந்த விண்டோஸ் மட்டுமே. பென்டிரைவிலிருந்து லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தை ஏற்றி, எல்எஸ்சிபியூ என்ற கட்டளையைத் தட்டியதும், கோர் 2 டுவோ என்ற சில்லின் பெயரோடு 32 பிட், 64 பிட் இரண்டும் இயங்கும் என்று திரையில் வந்தது. இது சிறிய செய்தியல்ல. லினக்ஸ் வகைகளில் ஒன்றான டெபியன், 2025 ஆகஸ்டில் வந்த தன் 13-ஆம் பதிப்பில் 32 பிட் கணினிகளுக்கான நிறுவியையே கைவிட்டுவிட்டது. லினக்ஸுக்கான 32 பிட் ஃபயர்ஃபாக்ஸ் உலாவியும் 144-ஆம் பதிப்போடு நின்றுவிட்டது. பழைய ஆட்டம் என்270 போன்ற உண்மையான 32 பிட் சில்லாக இருந்திருந்தால் நம் வழி மிகவும் குறுகியிருக்கும்.

லினக்ஸ் வகைகளில் எதைப் போடுவது என்பதில்தான் நான் நெடுநேரம் நின்றேன். உன் தங்கை மகன் பப்பி லினக்ஸைத்தான் போட வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தான். அது முழுவதும் நினைவகத்திலேயே ஏறி ஓடுவதால் வேகத்தில் குறையில்லை. ஆனால் பென்டிரைவிலிருந்து ஓடும்போது, மாற்றங்களை இடையிடையேயும் அணைக்கும்போதும்தான் அது சேமிக்கிறது. இங்கே மின்சாரம் முறை வைத்துத்தான் வருகிறது, உன் பேட்டரியோ செத்துவிட்டது. பிள்ளைகள் தட்டிய பக்கம் ஒரே நொடியில் போய்விடும். ஆன்டிஎக்ஸ் மிகமிக இலகுவானது, எனக்குப் பிடித்துமிருந்தது, எனினும் அதன் ஐஸ்டபிள்யூஎம் முகப்பு சிறு பிள்ளைகளுக்குப் பழக்கமற்றது. லுபுண்டுவில் ஃபயர்ஃபாக்ஸ் ஸ்னாப் என்ற கனமான பொதியாக வருகிறது. பழைய சுழலும் வட்டில் அது திறப்பதற்குள் பொறுமை போய்விடுகிறது. கடைசியில் எல்எக்ஸ்க்யூடி முகப்போடு டெபியன் 13-ஐயே வைத்துவிட்டேன். 2030 வரை அதற்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் வரும். அதன் இஎக்ஸ்டி4 கோப்பமைப்பும் மின்வெட்டுக்குப் பின் பெரும்பாலும் தானே சரிசெய்துகொண்டு எழுகிறது. லிப்ரே ஆபிஸ் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மீட்புக்காகச் சேமிப்பதை இரண்டு நிமிடமாகக் குறைத்துவிட்டேன்.

நண்பா, எத்தனை எம்பி நினைவகம் மிச்சமாகிறது என்பதை மட்டும் பார்த்து இயங்குதளத்தைத் தேர்ந்தெடுப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. நம் எழுத்து அதில் நிற்க வேண்டும், அதுவே எனக்கு முதல் கேள்வி. பர்மிய எழுத்துக்குப் படௌக், தமிழுக்கு லோகித், இந்த இரண்டு எழுத்துருக்களும் டெபியனின் களஞ்சியத்திலேயே கிடைக்கின்றன. ஐபஸ் என்ற தட்டச்சு மென்பொருள் வழியாகத் தமிழ்99 விசைப்பலகையையும் சேர்த்தேன். அ, ம, ம, ஆ என்று தட்டினால் முதல் மகரத்தின் மேல் புள்ளி தானாக விழுந்து அம்மா என்று வருகிறது. அதைப் பார்த்த ஒரு சிறுமி தன் வீட்டிலுள்ள அத்தனை பேரின் பெயரையும் தட்டி முடித்த பிறகுதான் எழுந்தாள்.

கோயில் வகுப்பு வாத்தியாரின் பாடங்களை நினைத்தால்தான் மனம் பதைக்கிறது. அவர் எல்லாவற்றையும் பாமினி எழுத்துருவில் தட்டி வைத்துப் போயிருக்கிறார். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அம்மா என்ற சொல் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று ஆங்கில எழுத்துகளாகத்தான் தெரியும். ஆகவே வட்டை அழிப்பதற்கு முன் விண்டோஸின் எழுத்துருக் கோப்புறை முழுவதையும் பிரதி எடுத்தேன். இப்போது அவர் பாடங்கள் ஒழுங்காகத் திறக்கின்றன. இனி ஒவ்வொன்றாக யூனிகோடு என்ற பொது எழுத்துக் குறியீட்டுக்கு மாற்ற வேண்டும். உன் பழைய பர்மியக் கடிதங்கள் சோஜி என்ற பழைய பர்மிய எழுத்துருவில் இருக்கின்றன. 2019 அக்டோபர் 1 அன்று நாடே யூனிகோடுக்கு மாறியபோது நீ மட்டும் மாறமாட்டேன் என்று நின்றாயே! யூனிகோடு எழுத்துகளுக்கு ஒதுக்கிய எண்களையே சோஜி வேறு விதமாகப் பயன்படுத்துவதால் எழுத்துருவை மட்டும் மாற்றிப் பயனில்லை, அந்தக் கடிதங்களையும் யூனிகோடுக்கு மாற்றித்தான் ஆக வேண்டும்.

வேகத்தைப் பற்றி உனக்குப் பொய்யான நம்பிக்கை தரமாட்டேன். கணினி எழுந்து நிற்கும்போது நினைவகத்தில் சுமார் அரை ஜிபிதான் பிடிக்கிறது. உலாவியில் நாலைந்து பக்கங்களைத் திறந்தால் மீதியும் தீர்ந்து திணறுகிறது. எந்த இயங்குதளத்தைப் போட்டாலும் இன்றைய இணையப் பக்கங்களின் எடை குறையாது. வகுப்புக்கு எழுதவும் படிக்கவும் இதுவே போதும். சுழலும் வட்டை எடுத்துவிட்டு சுழலும் பாகமில்லாத ஒரு சிறிய சாட்டா எஸ்எஸ்டி வைத்தால் திறக்கும் நேரம் வெகுவாகக் குறையும். இருவரும் பாதிப் பாதி போட்டு வாங்கலாமா என்று எழுது. வாத்தியாரின் இன்னொரு பென்டிரைவ் உங்கள் வீட்டு அலமாரியில் இருப்பதாக அக்கா சொன்னார். அதில் மூன்றாம் வகுப்புப் பாடங்கள் இருக்க வேண்டும். அடுத்து வருகிறவர் யாராயினும் அவர் கையில் மறக்காமல் கொடுத்தனுப்பு.

உன் நண்பன்