அதே தான்ப்பா

அன்புள்ள பாப்பாவுக்கு,

நாங்கள் நலம். தம்பிக்கு வேலை மாறிவிட்டது, அவனே சொல்லியிருப்பான். மாடியில் ஒழுகிய இடத்தை ஒருவழியாகப் பூசியாயிற்று. அம்மாவின் முழங்கால் பரவாயில்லை. இன்னும் நாலைந்து செய்திகள் எழுத வைத்திருந்தேன், பேனாவை எடுத்ததும் எல்லாம் பின்னால் போய்விட்டன.

போன ஞாயிற்றுக்கிழமையும் நீ கேமராவைப் போடவில்லை. நெட் சரியில்லை என்றாய். இருக்கலாம். நடக்கப் போகிறாயா என்று கேட்டேன், "போறேன்ப்பா" என்றாய். எடை எவ்வளவு என்று கேட்டேன், "அதே தான்ப்பா" என்றாய். உடனே அம்மாவிடம் கொடுக்கச் சொல்லிவிட்டாய். நாலு மாதமாக நம் பேச்சு இந்த அளவுதான்.

அதைப் பற்றிக் கேட்பதற்காக இதை எழுதவில்லை. நடையைப் பற்றி மட்டும் சொல்லிவிடுகிறேன். நடையை விடாதே. வேலை அதிகம் என்றால் காலையில் இருபது நிமிடம், மாலையில் இருபது நிமிடம் என்று பிரித்துக்கொள். அமெரிக்காவில் 1994-லிருந்து ஒரு பதிவேடு நடத்துகிறார்கள். குறைந்தது 13.6 கிலோ குறைத்து, ஓராண்டாவது அது திரும்ப ஏறாமல் பார்த்துக்கொண்டவர்களைத்தான் அதில் சேர்ப்பார்கள். அப்புறம் வருடா வருடம் அவர்களிடம் எப்படி இருக்கிறீர்கள், என்ன செய்கிறீர்கள் என்று கேட்பார்கள். அவர்களில் பெரும்பாலானவர்கள் நாளுக்குச் சுமார் ஒரு மணி நேரம் உடலை அசைக்கிறவர்கள். அதிகம் பேர் செய்வது வெறும் நடைதான். நாலில் மூன்று பேர் வாரத்துக்கு ஒருமுறையாவது எடை பார்க்கிறார்கள். நீயும் நீல நோட்டில் தேதி போட்டு எழுதிவந்தவள்தானே.

86-லிருந்து 65. இருபத்தொரு கிலோ, பதினான்கு மாதம். பக்கத்தில் யாரும் இல்லாமல், தனியாக இருந்துகொண்டு செய்தாய். எனக்கு ஆபரேஷன் நடந்த சமயம், லிஃப்ட் வராததால் நாம் படியேறினோமே, நினைவிருக்கிறதா? எனக்கு முன்னால் மூன்று மாடி ஏறிப்போய், மேலே நின்று, மூச்சு வாங்காமல் என் பைக்காகக் கையை நீட்டினாய்.  

ஆனால் நீ எதையும் மறைக்கிற பிள்ளை இல்லையே அம்மா. கணக்கில் ஃபெயிலானதைச் செருப்பைக் கழற்றும் முன்பே வாசலில் நின்று சொன்னவள். இப்போது அப்பாவிடம் சொல்ல முடியாதபடி என்ன வந்துவிட்டது? கொஞ்சம் ஏறியிருந்தால் ஏறியிருக்கிறது என்று சொல்லக் கூடாதா?

இந்த வரியை எழுதிவிட்டு இரண்டு நாள் கடிதத்தை மூடி வைத்துவிட்டேன். கேட்கிற உரிமை எனக்கு இல்லை என்று தெரிந்துதான்.

நீ வாங்கிக் கொடுத்த எடை மெஷின் பழுதாகவில்லை. பேட்டரியை நான்தான் எடுத்து மேஜை டிராயரில் வைத்தேன்.

டாக்டர் சொன்ன பிறகு நான் 92-லிருந்து 79-க்கு வந்தது உனக்குத் தெரியும். அந்த 79 ஆறு மாதம்கூட நிற்கவில்லை. 81 ஆனபோது மெஷினைச் சமதளத்தில் வைக்கவில்லை என்று சொல்லிக்கொண்டேன். 83 ஆனபோது வாரம் ஒருமுறை பார்ப்பதை மாதம் ஒருமுறை ஆக்கினேன். 85-ஐப் பார்த்த அன்று பேட்டரியை எடுத்துவிட்டு, அம்மாவிடம் மெஷின் போய்விட்டது என்றேன். அதன் பிறகு ஒன்றரை வருடம், நீ ஒவ்வொரு ஞாயிறும் கேட்டபோது "அதே தான்ம்மா, 79" என்று சொல்லியிருக்கிறேன். சொல்லிவிட்டு உடனே போனை அம்மாவிடம் கொடுத்திருக்கிறேன். அதனால்தான் உன் "அதே தான்ப்பா" என் காதில் வேறு மாதிரி விழுகிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நீ 65-க்கு வந்து, ஏழெட்டு மாதம் அங்கேயே நின்றாயே, அப்போது நிஜமாகவே அதே எடைதான். ஒவ்வொரு வாரமும் நீ அதைச் சொன்னபோது நான் என்ன சொன்னேன்? "ஓ, இறங்கலையா?" என்றேன். ஒருமுறை "அவ்வளவுதானா?" என்று கேட்டேன். இறங்கியபோதெல்லாம் தம்பிக்குப் போன் போட்டு, பக்கத்து வீட்டில் சொல்லி, உன் போட்டோவை எல்லாருக்கும் அனுப்பியவன் நான். நின்றபோது ஒரு நல்ல வார்த்தை சொல்லவில்லை. நிற்பது எவ்வளவு கடினம் என்று என் உடம்புக்குத் தெரிந்திருந்தும் சொல்லவில்லை. குறைக்கும்போது வாராவாரம் ஒரு எண் இறங்கி நம்மைத் தட்டிக்கொடுக்கும். அப்புறம் அதே உழைப்பு, அதே கட்டுப்பாடு, ஆனால் நோட்டில் ஒரே எண். அந்த நேரத்தில்தான் பக்கத்திலிருந்து யாராவது ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். உனக்கு அதைச் சொல்ல வேண்டியவன் நான்.

பேட்டரியை எடுத்த பிறகு வெட்கத்தில் நிறையப் படித்தேன். 2011-இல் வந்த ஒரு ஆஸ்திரேலிய ஆய்வில், 50 பேரைப் பத்து வாரம் மிகக் குறைவாகச் சாப்பிட வைத்து எடை இறக்கினார்கள். ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோதும் பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் கூடுதலாகவும், உடம்பில் போதுமான கொழுப்பு இருக்கிறது என்று மூளைக்குச் சொல்லிப் பசியை அடக்கும் லெப்டின் என்ற ஹார்மோன் குறைவாகவும் இருந்தன. பசியும் முன்பைவிட அதிகம். நாம் பட்டினியில் இருப்பதாக உடம்பு நினைத்துக்கொண்டு, இழந்ததைத் திரும்பக் கேட்கிறது. கொழுப்பு செல்களும் இளைக்கும்போது சுருங்குகின்றனவே தவிர, எண்ணிக்கையில் குறைவதில்லை. டிவி போட்டி ஒன்றில் ஏகமாக எடை குறைத்த 14 பேரை ஆறு வருடம் கழித்துச் சோதித்தபோது, சும்மா இருக்கும்போது அவர்கள் உடம்பு எரிக்கிற சக்தி, இருக்க வேண்டியதைவிட நாளுக்குச் சுமார் 500 கலோரி குறைவாக இருந்ததாம். அவர்களிலும் எடையைக் காத்துக்கொண்டவர்கள் உடலசைவை நன்றாகக் கூட்டியவர்கள்தான். அதனால்தான் நடையை விடாதே என்கிறேன். நீ சோம்பேறி என்பதால் சொல்லவில்லை. உனக்கு மனவுறுதி இல்லை என்று யாராவது சொன்னால், நீயே உனக்குச் சொல்லிக்கொண்டாலும், நம்பாதே.

இரண்டு வருடம் தாண்டிவிட்டால் திரும்ப ஏறுகிற வாய்ப்பு வெகுவாகக் குறைகிறது என்று அந்த அமெரிக்கப் பதிவேட்டைப் பார்த்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். நீ பாதி வழி வந்தவள். இப்போது எவ்வளவு ஏறியிருந்தாலும், அங்கிருந்து பிடித்துக்கொள்ளலாம். ஒரே நாளில் ஒரு கிலோ கூடினால் பயப்படாதே, உப்பும் நீரும் அப்படி ஏற்றி இறக்கும். இரண்டு வாரமாக இரண்டு கிலோ கூடுதலாகவே நின்றால் மட்டும் கவனி. நான் 81-லேயே கவனித்திருந்தால் இரண்டு கிலோவோடு போயிருக்கும். அதற்காகப் பட்டினி கிடக்காதே. நான் கிடந்து பார்த்தேன், மூன்றாம் நாள் இரவு சமையலறையில் விளக்கைப் போடாமல் நின்று சாப்பிட்டேன். நன்றாகத் தூங்கு. தசை குறையாமல் இருக்க வாரம் இரண்டு நாள் எடை தூக்கு. அப்புறம் நடை. சொன்னதையே சொல்கிறேன், பொறுத்துக்கொள்.

நேற்று பேட்டரியைத் திரும்பப் போட்டேன். இன்று காலை 88.4. இதை இந்த வீட்டில் யாருக்கும் சொல்லவில்லை, முதலில் உனக்குத்தான் எழுதுகிறேன். இனி ஒவ்வொரு ஞாயிறும் என் எண்ணைச் சொல்வேன், ஏறினாலும் இறங்கினாலும் நின்றாலும். உன்னுடையதை நான் கேட்க மாட்டேன். நீயாகச் சொன்னால், எந்த எண்ணாக இருந்தாலும், "சரிம்மா" என்று மட்டும் சொல்வேன். இன்று காலையிலிருந்து சொல்லிப் பழகுகிறேன்.

கேமரா வேண்டாம். உனக்குத் தோன்றும்போது போட்டால் போதும். நடக்கப் போகும்போது கூப்பிடு, நானும் இங்கே செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்புகிறேன். பேசிக்கொண்டே நடக்கலாம், பேசாமலும் நடக்கலாம்.

அம்மா உன்னை விசாரித்தாள். பேட்டரி விஷயம் அவளுக்கு இன்னும் தெரியாது. சாயங்காலம் அவள் திரும்பியதும் சொல்லப்போகிறேன்.

அன்புடன்,
அப்பா